1.86 வோல்ட் எங்கே போனது?

மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப் முதல் நாளிலிருந்தே சோகை பிடித்த மாதிரி எரிந்தது. அதைச் சரி செய்ய எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின, அதில் இரண்டு சுத்தமாக வீண். எங்கே வீணாக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். வோல்ட் = ஆம்பியர் × ஓம் என்கிற ஓம் விதியைப் பரீட்சையில் எத்தனையோ தடவை எழுதி மார்க் வாங்கிய ஆள்தான் நான், ஆனால் கையில் ஒயரும் மல்டிமீட்டருமாக நின்றபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அமைப்பு ரொம்ப எளிது. 12 வோல்ட் ஸ்ட்ரிப், நீளம் 5 மீட்டர், மீட்டருக்கு 60 எல்இடி, மீட்டருக்கு 4.8 வாட் என்று உறையில் போட்டிருந்தது. ஆக மொத்தம் 24 வாட். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது, அதனால் 24 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 2 ஆம்பியர். கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று 3 ஆம்பியர் அடாப்டர் எடுத்துக்கொண்டேன். அடாப்டர் கீழே பிளக் பாயிண்ட் பக்கத்தில், ஸ்ட்ரிப் மேலே, ஒயர் போகிற வழியில் அளந்தால் நடுவில் 11 மீட்டர். வழியில் ஒரு சின்ன சுவிட்ச். ஒயர் மட்டும் அலமாரியில் வெகுநாளாகக் கிடந்த ஒரு சுருள், இரட்டை ஒயர், பார்க்க நல்ல தடிமன். அந்தத் தடிமனைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

போட்டேன், எரிந்தது, ஆனால் வெளிச்சம் பாதிகூட இல்லை. ஸ்ட்ரிப்பின் கடைசிப் பக்கம் இன்னும் மங்கல்.

முதலில் அடாப்டரைச் சந்தேகப்பட்டேன். மீட்டரை வைத்தால் 12.1 வோல்ட், குறையே இல்லை. சரி, மேலே போய் ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு ஒயரின் நுனியில் மீட்டரை வைத்தேன். அங்கேயும் 12.1. அடாப்டர் நல்லது, ஒயர் நல்லது, அப்படியானால் ஸ்ட்ரிப்தான் மட்டம் என்று முடிவு கட்டி, ஒட்டியதை எல்லாம் பிய்த்து, வேறொரு புது ஸ்ட்ரிப் ஒட்டினேன். அதே மங்கல். முதல் வார இறுதி அதோடு முடிந்தது.

இரண்டாவது வாரம் வேறொரு ஞானம் பிறந்தது: 3 ஆம்பியர் அடாப்டருக்குத் 'தம்' போதவில்லை, 5 ஆம்பியர் போடலாம். இது ரொம்பப் பேருக்கு இருக்கிற எண்ணம், எனக்கும் இருந்தது. அடாப்டரில் எழுதியிருக்கும் 5 ஆம்பியர் என்பது அது தள்ளுகிற அளவு இல்லை. அதிகபட்சம் எவ்வளவு கேட்டால் தர முடியும் என்பதற்கான எல்லை மட்டும்தான். எவ்வளவு கேட்பது என்பதைத் தீர்மானிப்பது எதிரே இருக்கிற லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கிற பொருள், இங்கே ஸ்ட்ரிப். அடாப்டர் 12 வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் 5 ஆம்பியர் அடாப்டர் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. கடுப்பில் பழைய ஸ்ட்ரிப்பை எடுத்து அடாப்டரின் வாயிலேயே நேரடியாக மாட்டினேன். கண்ணைக் கூசுகிற வெளிச்சம்! அதாவது பிய்த்துப் போட்ட ஸ்ட்ரிப்பும் நல்ல ஸ்ட்ரிப்தான்.

இப்போது குழப்பம் முழுமையானது. அடாப்டர் நல்லது, ஸ்ட்ரிப் நல்லது, ஒயரின் நுனியில் 12.1 வோல்ட் வருகிறது. மூன்றையும் சேர்த்தால் மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. மின்வேலை செய்கிற நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டுக் கதையைச் சொன்னேன். அவன் பாதியிலேயே, "லோடு போட்டு அளந்தியாடா?" என்று கேட்டான். ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு அளந்தேன் என்றேன். "அப்ப நீ ஒண்ணுமே அளக்கலை" என்று வைத்துவிட்டான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். என் மீட்டர் வோல்ட் ரேஞ்சில் இருக்கும்போது அதன் உள்தடை சுமார் 1 கோடி ஓம், மெகா ஓமில் சொன்னால் 10. ஸ்ட்ரிப் இல்லாத நேரத்தில் ஒயரில் ஓடுகிற ஒரே மின்னோட்டம் மீட்டர் எடுத்துக்கொள்வது மட்டும்தான், 12.1 வோல்ட்டை 1 கோடியால் வகுத்தால் 1.2 மைக்ரோ ஆம்பியர். ஒயரிலும் சுவிட்சிலும் சேர்ந்து 2 ஓம் மின்தடை ஒளிந்திருந்தாலும், அந்த மின்னோட்டத்துக்கு அதில் விழுகிற வோல்ட் ஒரு வோல்ட்டில் 4 லட்சத்தில் ஒரு பங்கு. எந்த வீட்டு மீட்டருக்கும் அது தெரியாது. மின்தடையால் வோல்ட் குறைய வேண்டுமானால் அதன் வழியாக ஆம்பியர் ஓட வேண்டும், ஓடாதவரை எப்பேர்ப்பட்ட கெட்ட ஒயரும் நல்ல பிள்ளை மாதிரி 12.1 காட்டும்.

மூன்றாவது வாரம். ஸ்ட்ரிப்பை மாட்டி, எரியவிட்டு, அதன் வாயில் மீட்டரை வைத்தேன். 10.24 வோல்ட். கீழே ஓடிவந்து அடாப்டரில் வைத்தால் 12.10. ஆக 1.86 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. இந்த 1.86 எங்கெங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை.

முதலில் மின்னோட்டம் தெரிய வேண்டும். இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரில் சிவப்பு ப்ரோப்பை மில்லி ஆம்பியர் துளையில் செருகினேன், அளக்கப் போவது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் என்று தெரிந்தும். அதோடு விட்டேனா, ஏதோ ஞாபகத்தில் ப்ரோப் இரண்டையும் அடாப்டரின் ப்ளஸ் மைனஸ் இரண்டிலும் வைத்தேன், வோல்ட் அளப்பதாக நினைத்துக்கொண்டு. ஆம்பியர் அளக்கும் நிலையில் மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு துண்டு ஒயர். ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான், மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போய்விட்டது. அது தெரியாமல் அதற்கப்புறம் மீட்டரைச் சரியாக ஸ்ட்ரிப்போடு வரிசையில் சேர்த்து, ஸ்ட்ரிப் எரியாமல் மீட்டரும் பூஜ்யம் காட்ட, அரை மணி நேரம் விழித்தேன். வரிசையில் இருக்கிற ஒரு பொருள் அறுந்தால் எல்லாமே நிற்கும், எரியாததே போதுமான தடயம், எனக்குத்தான் உறைக்கவில்லை. நல்லவேளையாக 10 ஆம்பியர் துளைக்கு வேறு பாதை, அது பிழைத்தது.

அளந்தது 0.88 ஆம்பியர். அடாப்டர் பக்கத்தில் ப்ளஸ் ஒயரை வெட்டி அளந்தாலும் 0.88, மேலே ஸ்ட்ரிப்புக்கு முன்னால் அளந்தாலும் 0.88, திரும்பி வருகிற மைனஸ் ஒயரில் அளந்தாலும் அதே 0.88. இதைச் சும்மா ஒரு ஆசைக்குத்தான் மூன்று இடத்தில் அளந்தேன். கரன்ட் போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும், பல்பில் கொஞ்சம் 'செலவாகும்' என்று ஒரு படம் மனதில் எங்கோ இருக்கிறது இல்லையா, அது தப்பு. ஒரு புள்ளிக்குள் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். செலவாவது ஆம்பியர் இல்லை, ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்தோடு வருகிற ஆற்றல்.

அந்த இடத்தில்தான் அலகுகள் எனக்கு உண்மையிலேயே உதவின. ஒரு ஆம்பியர் என்றால் விநாடிக்கு ஒரு கூலும் மின்னூட்டம் கடப்பது. ஒரு வோல்ட் என்றால் ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். ஆக அடாப்டரிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு கூலும் 12.1 ஜூல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறது, ஸ்ட்ரிப் வாசல்வரை போகிற வழிக்கும் அங்கிருந்து திரும்புகிற வழிக்கும் 1.86 ஜூலைக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரிப்புக்கு 10.24 மட்டும் தருகிறது. வோல்ட்டை 'அழுத்தம்' என்று தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள், எனக்கு அது பாதி தூரம்தான் வரும். ஜூல் கணக்காக நினைத்தால் கடைசிவரை வருகிறது.

கணக்கோடு கணக்காக இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன், பழுதுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019 மே 20 முதல் ஆம்பியரின் வரையறையே எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை ஒரு நிலையான எண்ணாக வைத்துத்தான் எழுதப்படுகிறது. அதன்படி 0.88 ஆம்பியர் என்றால் விநாடிக்குச் சுமார் 55,000 கோடி கோடி எலெக்ட்ரான்கள். இவ்வளவு பெரிய கூட்டம் ஓடுகிறதே, எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்த்தால், என் ஒயரில் விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர். அடாப்டரை விட்டுக் கிளம்புகிற ஒரு எலெக்ட்ரான் 11 மீட்டர் தாண்டி ஸ்ட்ரிப்பைத் தொட பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது எப்படி என்றால், ஒயர் முழுக்க ஏற்கெனவே எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன.

சரி, பழுதுக்கு வருவோம். வழியில் இருப்பது நான்கு பொருள்: ப்ளஸ் ஒயர், சுவிட்ச், ஸ்ட்ரிப், மைனஸ் ஒயர். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ப்ரோப் வைத்து, எரிந்துகொண்டிருக்கும்போதே வோல்ட் அளக்க வேண்டும். ஸ்ட்ரிப்புக்கும் சுவிட்சுக்கும் சுலபம். 11 மீட்டர் ஒயரின் ஒரு முனை கீழே, மறு முனை மேலே, ப்ரோப்பின் நீளமோ ஒரு மீட்டர்கூட இல்லை. மிச்சமிருந்த ஒயரில் ஒரு இழையைப் படிக்கட்டு நெடுக விரித்து, ஒரு முனையை மேலே முறுக்கி, மறு முனையைக் கீழே ப்ரோப்போடு முறுக்கினேன். அந்த நீட்டிப்பு ஒயருக்கே மின்தடை இருக்குமே, அளவு தப்பாகாதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆகாது. அதில் ஓடுவது மீட்டருக்கான மைக்ரோ ஆம்பியர்தான். என்னை முதல் வாரம் ஏமாற்றிய அதே விஷயம் இங்கே எனக்குச் சாதகம்.

ப்ளஸ் ஒயர் 0.76 வோல்ட். மைனஸ் ஒயர் 0.75. சுவிட்ச் 0.35. ஸ்ட்ரிப் 10.24. கூட்டினேன், 12.10. அடாப்டரில் இருந்ததும் 12.10.

அந்தக் கூட்டல் அப்படியே பொருந்தியபோது வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மூடிய சுற்றைச் சுற்றிவந்தால் ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சமம், ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் 1845இல் சொன்னது, அப்போது அவருக்கு 21 வயது, இன்னும் மாணவர். புத்தகத்தில் அது குட்டி ரெசிஸ்டர் படங்களும் சமன்பாடுகளுமாக இருக்கும், எதற்கென்றே புரியாது. பழுது பார்க்கிறவனுக்கு அது கணக்குப் புத்தகம். கூட்டல் பொருந்தவில்லை என்றால் நான் அளக்காத ஒரு இணைப்பு நடுவில் எங்கோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொருந்தினால் திருடர்கள் எல்லோரும் பட்டியலில் வந்துவிட்டார்கள்.

இனி மின்தடை. வோல்ட் = ஆம்பியர் × ஓம், ஆகவே 0.76ஐ 0.88ஆல் வகுத்தால் ப்ளஸ் ஒயர் 0.86 ஓம். மைனஸ் கிட்டத்தட்ட அதே. சுவிட்ச் 0.4 ஓம். மொத்தம் 1.86 வகுத்தல் 0.88, 2.11 ஓம். இதை ஏன் நேராக மீட்டரின் ஓம் ரேஞ்சிலேயே அளக்கக் கூடாது என்றால், அளந்து பார்த்தேன், என் மீட்டரில் ப்ரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.4 ஓம் காட்டுகிறது, அழுத்திப் பிடித்தால் 0.3, அதை வைத்து 0.4 ஓம் சுவிட்சை எங்கே பிடிப்பது. சின்ன மின்தடைகளுக்கு ஆம்பியரை ஓடவிட்டு வோல்ட்டை அளந்து வகுப்பதுதான் நம்பகமான வழி.

இருந்தாலும் ஒரு லோடை மட்டும் வைத்து முடிவு கட்டப் பயமாக இருந்தது, ஏற்கெனவே இரண்டு தடவை சூடு கண்டவன் நான். ஸ்ட்ரிப்புக்குப் பதில் வேறு லோடு போட்டும் அதே 2.1 ஓம் வருகிறதா பார்க்க வேண்டும். பெட்டியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது, கால் வாட் வகை. 12.1 வோல்ட்டுக்கு 10 ஓம், 1.2 ஆம்பியர், அருமையான லோடு என்று முதலில் அதை அடாப்டரிலேயே வைத்துச் சோதித்தேன். ஓம் பார்த்தேன், ஆம்பியர் பார்த்தேன், வாட்டைப் பார்க்கவில்லை. 12.1 × 1.21, 14.6 வாட்! கால் வாட் தாங்குகிற பொருளுக்கு ஐம்பது மடங்குக்கு மேல். இரண்டு விநாடியில் பட்டைகளின் நிறம் மறைந்து கறுத்துப் புகைந்தது. விரலில் பட்ட தடம் இரண்டு நாள் இருந்தது.

அடுத்து ஒரு வண்டியின் இண்டிகேட்டர் பல்ப், 12 வோல்ட் 21 வாட். இது வேடிக்கையான பொருள். எரியாமல் இருக்கும்போது ஓம் அளந்தால், ப்ரோப்பைக் கழித்துவிட்டு, சுமார் 0.6 ஓம். அப்படியானால் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் இழுக்க வேண்டும். எரியும்போது இழுப்பது 1.75தான், அதாவது ஏறக்குறைய 7 ஓம். டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 3 ஆம்பியர் அடாப்டரில் நேராக மாட்டினால், அந்த முதல் இழுப்பைப் பார்த்தே அடாப்டர் பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, விட்டு விட்டுத் துடித்தது, 5 ஆம்பியரில்தான் கிளம்பியது. இரண்டாவது வாரம் வீணாக எடுத்த அடாப்டருக்கு அப்படி ஒரு உபயோகம்.

அந்தப் பல்பை ஸ்ட்ரிப் இருந்த இடத்தில், அந்த ஒயரின் நுனியில் மாட்டினேன். 1.5 ஆம்பியர், பல்பின் மீது 8.9 வோல்ட். காணாமல் போனது இப்போது 3.2 வோல்ட். 3.2 வகுத்தல் 1.5, 2.13 ஓம்.

ஸ்ட்ரிப்போடு 2.11, பல்போடு 2.13. லோடு மாறியது, ஆம்பியர் மாறியது, விழுந்த வோல்ட் மாறியது, இரண்டுக்குமான விகிதம் மட்டும் அசையவில்லை. ஓம் விதி என்றால் இதுதான், சூத்திரத்தில் எழுதுகிற மூன்று எழுத்து இல்லை. செம்பு ஒயருக்கு அது அழகாகப் பொருந்துகிறது. எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதற்கும் சாட்சி அதே சுற்றிலேயே இருக்கிறது: பல்பைத்தான் பார்த்தோம், ஸ்ட்ரிப் அதைவிட மோசம். அடாப்டரில் நேராக மாட்டியபோது ஸ்ட்ரிப் 12.1 வோல்ட்டில் 1.89 ஆம்பியர் இழுத்தது, வகுத்தால் 6.4 ஓம். ஒயர் வழியாக 10.24 வோல்ட்டில் 0.88, வகுத்தால் 11.6 ஓம். ஒரே ஸ்ட்ரிப்புக்கு இரண்டு ஓம்!

காரணம் ஸ்ட்ரிப்பின் உள்ளமைப்பு. மூன்று எல்இடியும் ஒரு 150 ஓம் ரெசிஸ்டரும் வரிசையாக ஒரு துண்டு, அப்படி 100 துண்டுகள் பக்கவாட்டில். மூன்று எல்இடியும் சேர்ந்து ஏறக்குறைய 9 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கீழே கிட்டத்தட்ட ஓடவே ஓடாது. 12இல் 9 போனால் ரெசிஸ்டருக்கு 3 வோல்ட், 150 ஓமால் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர், நூறு துண்டுக்கு 2 ஆம்பியர், உறையில் எழுதியிருந்ததும் அதுதான். வந்து சேர்வது 10.24 என்றால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.3 வோல்ட் பக்கம், மின்னோட்டம் பாதிக்கும் கீழே. வோல்ட்டில் குறைந்தது 15 சதவீதம்தான், ஆனால் ஸ்ட்ரிப்புக்குப் போன திறன் 23 வாட்டிலிருந்து 9 வாட்டாகிவிட்டது. 'ரெண்டு வோல்ட்தானே' என்று விட முடியாததற்கு இதுதான் காரணம்.

ஓம் என்பவர் தன் விதியைக் கண்டுபிடித்த விதம் தெரிந்தபோது எனக்கு மனிதரின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. கியோர்க் ஓம், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். 1820களில் ஒரே தடிமனுள்ள செம்புக் கம்பிகளை வேறு வேறு நீளத்தில் வைத்து, மின்னோட்டத்தைக் காந்த ஊசியின் விலகலால் அளந்திருக்கிறார். அதுவரை கிடைத்த வோல்ட்டா அடுக்குகள், அதாவது அந்தக் கால பேட்டரிகள், ஓட ஓடச் சோர்ந்துபோய் அளவைக் கெடுத்ததால், இயற்பியலாளர் போகன்டார்ஃப் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த, சந்திகளின் வெப்ப வித்தியாசத்தால் வோல்ட் தருகிற வெப்ப இணைக்கு மாறினார், ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். நிலையான வோல்ட் தருகிற அடாப்டரை அவரே செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் எழுதிய முதல் வடிவத்தில் மின்னோட்டம் என்பது ஒரு எண்ணை, கம்பியின் நீளமும் சுற்றின் மிச்சப் பகுதியும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது. அந்த மிச்சப் பகுதியையும் அவர் கம்பி நீளமாகவே எண்ணினார். 1827இல் புத்தகமாக வந்தது, சொந்த நாட்டில் பெரிதாக யாரும் சீந்தவில்லை, 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது.

அவர் வழியிலேயே என் சுவிட்சையும் நீளமாக மாற்றிப் பார்த்தேன். ஒயரின் மேலுறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே ஏழே ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீட்டர் விட்டம். மொத்தக் குறுக்குப் பரப்பு 0.22 சதுர மில்லிமீட்டர். தடிமன் எல்லாம் பிளாஸ்டிக். செம்பில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு மீட்டருக்கு 0.0172 ஓம், அதை 0.22ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.078, பதினொரு மீட்டருக்கு 0.86 ஓம். அளந்ததும் 0.86. (இப்படிப் பொருந்தினால் ஒயர் அசல் செம்பு என்றும் தெரிந்துகொள்ளலாம். செம்பு பூசிய அலுமினியமாக இருந்திருந்தால் கூடியிருக்கும்.) அந்தக் கணக்கில் 0.4 ஓம் என்பது 5 மீட்டர் ஒயர். கட்டைவிரல் அளவு சுவிட்சுக்குள் 5 மீட்டர் ஒயரைச் சுருட்டி வைத்த மாதிரி. பிரித்துப் பார்த்தால் தொடுமுனை கறுத்திருந்தது, ஒரு திருகும் முழுதாக இறுகவில்லை, இழைகளில் பாதி வெளியே நின்றன. பல்ப் எரிந்தபோது சுவிட்ச் வெதுவெதுப்பாக இருந்ததைக் கை உணர்ந்தது, 1.5 ஆம்பியரின் வர்க்கம் × 0.4 ஓம், 0.9 வாட். ஒயரிலும் வெப்பம் இருந்திருக்கும், ஆனால் 22 மீட்டருக்குப் பரவியதால் கைக்குத் தெரியாது. சுவிட்சில் எல்லாம் ஒரே புள்ளியில்.

சரிசெய்தது இப்படி. ஒயரை 1.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினேன், போக வர 22 மீட்டருக்கு 0.25 ஓம். சுவிட்ச் புதிது, இழைகளைச் சின்ன உலோக ஸ்லீவுக்குள் விட்டு நசுக்கித் திருகினேன். அடாப்டர் பக்கத்திலேயே ப்ளஸ் ஒயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ். பழைய ஒயரில் மேல் நுனியில் ஷார்ட் ஆகியிருந்தால்கூட 2.1 ஓம் குறுக்கே நின்று மின்னோட்டத்தை 6 ஆம்பியருக்குள் அடக்கியிருக்கும், 5 ஆம்பியர் அடாப்டர் அதை ஷார்ட் என்றே உணராமல் ஒயரைச் சூடேற்றிக்கொண்டிருக்கலாம். அதை நினைத்ததும்தான் ஃபியூஸ் ஞாபகம் வந்தது. அடாப்டரின் உள்ளே, அதாவது மெயின்ஸ் பக்கம், கை வைக்கவே இல்லை, இந்த மாதிரி எரியவிட்டு அளக்கிற விளையாட்டெல்லாம் 12 வோல்ட்டில்தான்.

24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு மாறலாமா என்றும் யோசித்தேன். அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும், ஒயரில் விழுகிற வோல்ட் பாதியாகும், வெப்பமாகப் போகிற வாட் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால்வாசியாகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான். நான் ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரிப் வைத்துக்கொண்டு நின்றதால் ஒயரோடு நிறுத்திக்கொண்டேன்.

மாட்டியதும் அளந்தது: 1.66 ஆம்பியர், ஸ்ட்ரிப் வாயில் 11.67 வோல்ட். காணாமல் போவது 0.43. ஸ்ட்ரிப்புக்குப் போவது 19.4 வாட், முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். கடைசிப் பக்கத்தில் மட்டும் 11.1 வோல்ட் இருந்தது, ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புப் பட்டையே ஒரு மின்தடை. ஒரு ஜோடி ஒயரைக் கூடவே இழுத்துக் கடைசி முனைக்கும் சால்டர் வைத்தேன். இரண்டு பக்கமும் ஊட்டினால் குறைவு அதிகபட்சம் நடுவில்தான், அங்கே அளந்தால் 11.5. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

பழைய ஒயரைத் தூக்கிப் போடவில்லை. சுருட்டி, ஒட்டுத்தாளில் '22 மீட்டர், 1.7 ஓம்' என்று எழுதி, மீட்டர் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், தூரத்து முனையை அளக்க நீட்டிப்பு ஒயராக. மீட்டருக்குள் போட வேண்டிய ஃபியூஸ் மட்டும் இன்னும் போடவில்லை.